திறன் யார் ஏட்டில் இருக்கிறது?

1

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை கேட்டில் வேலை கேட்டுப் போகிறவரிடம் ‘என்ன வேலை தெரியும்?’ என்று யாரும் முதலில் கேட்பதில்லை. ‘என்ன படிச்சிருக்க?’ என்றுதான் கேட்பார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமா, பன்னிரண்டாவது, பத்தாவது என்று வரிசை பிரியும். அம்பத்தூரிலோ கிண்டியிலோ ஒரு பட்டறையில் பதினைந்து இருபது வருஷம் லேத் ஓட்டியவர், வெல்டிங் பிடித்தவர் வந்து நின்றால் அவருக்கென்று வரிசை கிடையாது. கான்ட்ராக்டர் மூலம் ஹெல்பராக உள்ளே போகலாம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஜிக் செட் பண்ணுவது அவராக இருக்கும். ரிஜெக்ஷன் கூடினால் சூப்பர்வைசர் தேடி வருவதும் அவரைத்தான். சம்பளச் சீட்டில் மட்டும் அவர் ஹெல்பர்.

இந்தத் தடம் முழுக்க முப்பது வருஷத்துக்குள் எழுந்தது. 1990களின் பின்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012ல் டெய்ம்லர், 2013ல் ராயல் என்ஃபீல்டு. இவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள். நிறைய பேர் வேலைக்கு வந்தார்கள். தாள் இல்லாமல் கை மட்டும் கொண்டு வந்தவர்களும் அதில் உண்டு.

அவர்கள் ஹெல்பராகவே நிற்பதற்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. ‘படிப்பை அளக்கலாம், அனுபவத்தை எப்படி அளப்பது? சான்றிதழ் இல்லையென்றால் நாங்கள் எதை நம்புவது?’ கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த விளக்கம் தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அனுபவம் இங்கே தினமும் அளக்கப்படுகிறது, துல்லியமாகவே அளக்கப்படுகிறது. அப்படி அளந்த கணக்கு யார் கையில் இருக்கிறது, அந்தக் கணக்கோடு என்ன உரிமை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பவைதான் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

நான் சில வருஷம் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக் கொடுத்தவன். அந்த வகையில் மதிப்பீட்டு முகாம்கள் சிலவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இங்கே சொல்வதில் ஒரு பகுதி அங்கிருந்து வருகிறது.

2

அரசு இந்தப் பிரச்சினையைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. 2007ல் மத்திய அரசு தொடங்கிய திறன் வளர்ச்சித் திட்டமொன்றில், வகுப்புக்கே போகாதவர் நேராகத் தேர்வுக்கு வந்து சான்றிதழ் வாங்க வழி இருந்தது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. தகுதிகளைப் பத்துப் படிகளாக அடுக்கிய அந்தக் கட்டமைப்பு (2023 திருத்தத்தில் படிகள் எட்டாயின), ஒருவர் எங்கே கற்றார் என்பதைவிட என்ன செய்யத் தெரிந்தவர் என்பதையே பார்க்கச் சொன்னது. 2015ல் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ அதன் ஓர் அங்கமானது. வாகனத் தொழிலுக்கு ஒரு திறன் குழு, மின்னணுவுக்கு ஒரு திறன் குழு என்று துறைவாரியாக அமைப்புகள் உண்டு. ஒவ்வொரு வேலையையும் அவை சிறு சிறு செயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தரநிலை எழுதி வைத்திருக்கின்றன.

காகிதத்தில் பார்த்தால் இது முற்போக்கான சிந்தனை. நடைமுறையில் 2016க்கும் 2020க்கும் இடைப்பட்ட சுற்றில் இது எப்படி இருந்தது? தொழிலாளிக்குக் குறைந்தது பன்னிரண்டு மணி நேர அறிமுக வகுப்பு. அப்புறம் மதிப்பீட்டாளர் வந்து தேர்வு. தேறினால் சான்றிதழும் ஐந்நூறு ரூபாயும். இருபது வருஷ உழைப்புக்கு அரசு வைத்த மதிப்பு ஐந்நூறு ரூபாய் என்று கிண்டல் பண்ணுவது சுலபம். நான் அதைச் செய்யப் போவதில்லை. எனக்குப் பட்ட சிக்கல் வேறு.

ஒரு முகாமில் கேள்வித்தாள் தமிழில்தான் இருந்தது. ஒரு கேள்வியில் ‘கீழ்வெட்டு எதனால் ஏற்படுகிறது?’ என்று இருந்தது. நாற்பது வயது தாண்டிய ஒரு வெல்டர் அதைப் பார்த்துவிட்டு விழித்தார். மதிப்பீடு செய்ய வந்த பையன் தயங்கித் தயங்கி, “அண்ணே, அண்டர்கட்டுண்ணே” என்றான். “அட, அண்டர்கட்டா! கரண்ட் ஜாஸ்தி வச்சா வரும் தம்பி. ஓரத்துல கைய நிறுத்தாம இழுத்துட்டுப் போனாலும் வரும்” என்று சொல்லிவிட்டு, பேனாவையே ராடாகப் பிடித்து மணிக்கட்டை எங்கே தாமதிக்க வேண்டும் என்று காட்டினார். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தாளில் அந்த மணிக்கட்டுக்கு இடம் இல்லை.

செய்யத் தெரிந்ததையெல்லாம் சொல்லத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. மைக்கேல் போலான்யி 1966ல் வெளியிட்ட ‘தி டாசிட் டைமென்ஷன்’ என்ற நூல் இந்த உள்ளுறை அறிவைத்தான் தத்துவப் பிரச்சினையாக எடுத்துப் பேசுகிறது. நம்மூரில் இதற்குக் ‘கைப்பக்குவம்’ என்று பெயர். ஆனால் இந்தக் கருத்தாக்கத்தில் ஒரு வழுக்குப் பாறையும் இருக்கிறது. சொல்லில் வராதது என்றவுடனே அளவிலும் வராதது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ‘அது கைப்பக்குவம் சார், எழுதிக் காட்ட முடியாது’ என்று பெருமையாகச் சொல்லும் தொழிலாளியும், ‘எழுதிக் காட்ட முடியாததுக்கு எப்படிச் சம்பளம் போடுறது?’ என்று கேட்கும் மேலாளரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கைப்பக்குவம் என்று புகழ்வதாலேயே கையின் கூலி உயர்வதில்லை.

3

உண்மையில், பேசவே சொல்லாமல் திறனை அளக்கும் முறைகள் ரொம்ப காலமாகவே இருக்கின்றன. 1950ன் இந்தியக் கொதிகலன் ஒழுங்குவிதிகள் ஓர் உதாரணம். உயர் அழுத்தக் கொதிகலனில் பற்றவைக்கிறவர் முதலில் ஒரு சோதனைத் துண்டைப் பற்றவைத்துக் காட்ட வேண்டும். அதை அறுப்பார்கள், இழுப்பார்கள், வளைப்பார்கள். உலகம் முழுக்கப் புழங்கும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பிலும் இதே முறைதான். பற்றவைத்த தகட்டிலிருந்து பட்டை வெட்டி, அதை இரண்டாக மடியும்வரை வளைக்கிறார்கள். வளைந்த முகத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வாய்திறந்த குறை தெரிந்தால் தோல்வி. பற்றவைத்தவர் எந்தப் பள்ளியில் படித்தார், அண்டர்கட்டுக்குத் தமிழில் என்ன என்றெல்லாம் அந்தப் பட்டைக்குத் தெரியாது. தீர்ப்புச் சொல்வது இரும்பு.

தமிழ்நாட்டிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. வயரிங் வேலையில் ஐந்து வருஷத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் இருந்து, இருபத்தொரு வயது நிரம்பியிருந்தால் எழுதலாம். உச்ச வயது வரம்பு கிடையாது. ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்ற பெயர் இங்கே வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே, மாவட்டந்தோறும் அரசு ஐ.டி.ஐ.களில் விண்ணப்பம் வாங்கி, அனுபவத்தை ஒரு தாளாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஏற்பாடு இது.

இந்த இரண்டும் வேலை செய்கின்றன. முகாம் சான்றிதழ் பீரோவில் தூங்குகிறது. ஏன்? தேர்வுமுறை நல்லது என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி சட்டத்தில் இருக்கிறது. அந்தத் தாள் இல்லாதவர் கொதிகலனில் கை வைக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. மின்வேலையிலும் உரிமம் என்று ஒன்று குறுக்கே நிற்கிறது. ஆகவே அந்தத் தாளுக்கு ஒரு கதவு திறக்கிறது. முகாம் சான்றிதழுக்கு எந்தக் கதவும் திறப்பதில்லை. அதை வைத்துக்கொண்டு ஒரகடத்தில் கூடுதல் கூலி கேட்க எந்த விதியும் இல்லை. சான்றிதழின் மதிப்பு அதில் அச்சடித்திருப்பதில் இல்லை. அதைக் காட்டும்போது எதிரிலிருப்பவர் எதற்குக் கட்டுப்படுகிறார் என்பதில் இருக்கிறது.

இன்னொரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன அமெரிக்க விதித்தொகுப்பில் வெல்டரின் தகுதிக்குப் பொறுப்பு அவரைச் சோதித்த நிறுவனம். பதிவேடும் அதனுடையது. ஆறு மாதம் அந்த முறையில் வெல்டு பண்ணாமல் இருந்தால் தகுதி காலாவதி. வேறு நிறுவனத்துக்குப் போனால் பொதுவாக மறுபடி முதலிலிருந்து சோதனை. அதாவது கை வெல்டருடையது. அந்தக் கைக்குச் சான்று கம்பெனியுடையது. கொதிகலன் விதிகளின்கீழ் ஆய்வுத்துறை தரும் சான்றோ வெல்டர் பெயருக்கே வருகிறது. சோதனை ஒரே மாதிரி. ஏடு யாருடையது என்பதில்தான் வித்தியாசம்.

4

இப்போது தொழிற்சாலைக்குள்ளே போவோம். இந்தத் தடத்தில் ஓரளவு பெரிய எந்த ஆலையிலும் லைனுக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் பார்க்கலாம். இடப்பக்கம் ஆட்களின் பெயர், சில இடங்களில் போட்டோவும். மேலே வேலைகளின் பெயர். குறுக்கும் நெடுக்குமான கட்டங்களில் ஒவ்வொரு வட்டம். வட்டம் நான்கு பாகம். கால் பாகம் நிரப்பியிருந்தால் கற்றுக்கொண்டிருக்கிறார். அரை என்றால் கூட ஒருவர் நின்றால் செய்வார். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழு வட்டம் என்றால் மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பார். இதற்குத் ‘திறன் அட்டவணை’ என்று பெயர். ‘ஸ்கில் மேட்ரிக்ஸ்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

அனுபவத்தை அளக்க முடியாது என்றவர்கள் சுவரில் மாட்டி வைத்திருப்பது வேறென்ன? இது அலங்காரம் இல்லை. ஒருவர் லீவு போட்டால் அந்த இடத்தில் யாரை நிறுத்துவது என்று இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருகிறவர் இதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். தரமேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 (2015 பதிப்பு) தகுதியைப் பற்றிப் பேசும் பிரிவில் கல்வி, பயிற்சி, அனுபவம் மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. அனுபவத்தை வைத்தும் ஒருவரைத் தகுதியானவர் என்று கொள்ளலாம். அதற்கான ஆதாரத்தை நிறுவனம் பாதுகாத்து வைக்க வேண்டும். கேட்டில் செல்லாத அனுபவம் தணிக்கையில் செல்லுபடியாகிறது. கார் வாங்குகிற நிறுவனத்துக்கு உத்தரவாதம் தர அந்த முழு வட்டம் பயன்படுகிறது. அந்த வட்டத்துக்குச் சொந்தக்காரர் கூலி கேட்கும்போது அது சுவரைவிட்டு இறங்கி வருவதில்லை.

ஹாரி பிரேவர்மன் 1974ல் எழுதிய ‘லேபர் அண்ட் மோனோபொலி கேபிட்டல்’ நூலை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். செம்புக் கொல்லராகத் தொழில் பழகி வேலை பார்த்தவர் அவர். தொழிலாளியின் தலையிலும் கையிலும் இருக்கும் அறிவை நிர்வாகம் திரட்டி எடுத்துக்கொண்டு, செயலை மட்டும் திருப்பித் தருகிறது என்பது அவர் வாதம். அதே நூலின் கடைசியில் ஒரு சுவையான விஷயத்தைச் சொல்கிறார். இயந்திரத்தோடு வேலை செய்கிறவர்களை ‘அரைத்திறன்’ என்று வகைப்படுத்தியது 1930களில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நடந்த மறுவகைப்பாடு. யாருடைய வேலையும் மாறாமலே, பெயர் மாற்றத்தில் நாட்டின் திறன் உயர்ந்துவிட்டது! திறன் என்பது கையில் இருக்கும் ஒரு பொருள் என்று நாம் நினைக்கிறோம். அது ஒரு வகைப்பாட்டுச் சொல்லும்கூட.

நம்முடைய குறைந்தபட்சக் கூலிச் சட்டங்களிலும் இந்த வகைப்பாடுதான் காசைத் தீர்மானிக்கிறது. திறனற்றவர், அரைத்திறனர், திறனாளர், உயர்திறனாளர் என்று நான்கு. 2019ல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த நான்கு வகைகள் தொடர்கின்றன. ஆனால் சட்டம் பார்ப்பது வேலைக்குத் தேவைப்படும் திறனை. ஆளிடம் இருக்கும் திறனை அல்ல. அந்த வேலைக்கு என்ன பெயர் என்று முதலில் எழுதுவது முதலாளி. இருபது வருஷ அனுபவஸ்தரை ஹெல்பர் என்ற இடத்தில் எழுதிவிட்டால், அவர் செய்வது செட்டர் வேலையாக இருந்தாலும் அதை நிரூபிக்க வேண்டிய பாரம் அவர் தலையில். நிரூபிக்கும் சாட்சியம் எங்கே? சுவரில். சுவர் யாருடையது?

5

இந்த வகைப்பாடு எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகளின் லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ‘பொண்ணுங்களுக்கு விரல் நளினமா ஓடும் சார், பொறுமையும் இருக்கு’ என்பார்கள். டயான் எல்சன், ரூத் பியர்சன் இருவரும் 1981ல் எழுதிய கட்டுரை இந்தப் பேச்சை நேரடியாக எதிர்கொண்டது. அந்த விரல்கள் பிறப்பில் வந்தவை அல்ல. தையல், சமையல் என்று சிறுவயது முதல் வீட்டில் கொடுக்கப்பட்ட பயிற்சியில் வந்தவை. அந்தப் பயிற்சி கண்ணுக்குத் தெரியாததால் திறன் ‘இயல்பு’ ஆகிறது. இயல்புக்குக் கூலி கிடையாது. அதற்கு முந்திய வருஷமே ஆன் பிலிப்ஸும் பார்பரா டெய்லரும், ஒரு வேலை திறன்வேலையா இல்லையா என்பதை அதைச் செய்கிறவர் ஆணா பெண்ணா என்பது எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் தேதி உற்பத்தியை நிறுத்தியது. எட்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கானோர் கற்றது அங்கே சேர்ந்திருந்தது. நுண்ணிய பாகத்தைப் பலகையில் பொருத்துவது, சாலிடரின் பளபளப்பைப் பார்த்துக் குறை சொல்வது, சோதனைக் கருவி பொய் சொல்கிறதா என்று மோப்பம் பிடிப்பது. ஆலை நின்றால் இயந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த வளாகத்தைப் பிறகு சால்காம்ப் எடுத்துக்கொண்டது. கட்டடத்துக்கும் விலை உண்டு. லைனில் சேர்ந்த அறிவு மட்டும் எந்தச் சொத்துக் கணக்கிலும் ஏறுவதில்லை. அடுத்த கேட்டில் மறுபடி ‘என்ன படிச்சிருக்க?’

சாதியைப் பேசாமல் நம்மூரில் தொழில்திறனைப் பேச முடியாது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் பதினெட்டுக் கைத்தொழில்களில் இருப்பவர்களுக்குச் சான்றிதழ், அடையாள அட்டை, கருவிக்குப் பணம், கடன் என்று தருகிறது. அங்கீகாரத்தோடு பொருளும் சேர்ந்து வருவதால் முகாம் சான்றிதழைவிட இது மேல் என்று தோன்றலாம். ஆனால் குடும்பம் வழிவழியாகச் செய்துவரும் தொழில் என்ற நிபந்தனை அதில் இருந்தது. 1953ல் ராஜாஜி கொண்டுவந்து அடுத்த வருஷமே கைவிடப்பட்ட கல்வித் திட்டத்தை, குலக்கல்வி என்று பெயர் வாங்கிய அதை, மறக்காத மாநிலம் இது. அந்த நிபந்தனையை எடுக்கச் சொல்லி, எடுக்காததால் தமிழ்நாடு 2024ல் விலகிக்கொண்டது. 2025 ஏப்ரலில் இதே காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது.

இதைக் கட்சிச் சண்டையாகப் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. உள்ளே ஒரு கருத்தியல் கேள்வி இருக்கிறது. அனுபவம் என்று நாம் அங்கீகரிப்பது எதை? ஒருவர் தன் ஆயுளில் செய்த வேலையையா, அவர் பிறந்த வீட்டையா? சாதிச் சமூகம் எப்போதுமே திறனை அங்கீகரித்துத்தான் வந்திருக்கிறது. ‘அவங்க கையில அந்தத் தொழில் இருக்கு’ என்று சொல்லி, அதே மூச்சில் அவர்களை அந்தத் தொழிலுக்குள்ளேயே பூட்டி வைத்தது. வெளியே போக வழி திறக்காத அங்கீகாரம் பூட்டுதான்.

6

அனுபவத்துக்குச் சான்று என்ற கோரிக்கை உலகில் எங்கிருந்தெல்லாம் வந்தது என்று பார்ப்பது பயன்படும். தென்னாப்பிரிக்காவில் இதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர்கள் உலோகத் தொழிலாளர் சங்கத்தினர். நிறவெறி ஆட்சியில் கறுப்பினத்தவர் பல பத்தாண்டுகள் கைவினைஞர் தகுதியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். வெள்ளைக்காரக் கைவினைஞர் கையெழுத்துப் போடுவார். வேலையைச் செய்வது கறுப்பின ‘உதவியாள்’. 1990களின் தொடக்கத்தில் அந்தச் சங்கம், எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுதிக்கொடு, அதற்கேற்பக் கூலிப் படியை மாற்று என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டது. 1995ல் அங்கே தகுதிகளுக்கான சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகு எல்லாம் நடந்துவிடவில்லை. ஆனால் கோரிக்கையின் வடிவம் நமக்கு முக்கியம். பிரான்சில் 2002ன் ஒரு சட்டம், மூன்று வருஷ அனுபவம் உள்ள யாரும் (2016ல் அது ஒரு வருஷமாகக் குறைந்தது) ஒரு நடுவர் குழு முன்னால் தன் வேலையை விளக்கி முழுப் பட்டயமே வாங்கலாம் என்று உரிமை கொடுத்தது. தயார் செய்துகொள்ள ஊதியத்தோடு விடுப்பும் உண்டு.

இந்தியாவுக்கு வரும்போது தேர்வு வந்தது. கூலிப் படியும் விடுப்பும் வழியில் எங்கோ இறங்கிவிட்டன.

ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. சங்க நண்பர் ஒருவர் கேட்டார்: “திறனை அளக்கணும்னு நாமளே கேட்டா, ஆளாளுக்கு வட்டம் போட்டுப் பிரிச்சிடுவான். முழு வட்டக்காரனும் கால் வட்டக்காரனும் ஒண்ணா கேட்டுல நிப்பானா?” இது லேசில் ஒதுக்கக்கூடிய கேள்வி இல்லை. தரவரிசை ஒற்றுமையைக் கெடுக்கும். மேலாளருக்குப் பிடித்தவருக்கு வட்டம் சீக்கிரம் நிரம்பும். ஆனால் இந்தப் பிரிவினை நாம் கேட்டு வரப்போவதில்லை. அது ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது. தொழிலாளி கையெட்டாத இடத்தில் இருப்பதால்தான் அது ஆயுதமாக இருக்கிறது. வட்டம் நிரம்பியது ஏன், நிரம்பாதது ஏன் என்று எல்லோரும் பார்த்துக் கேள்வி கேட்க முடிந்தால் அதே பலகை கூலி ஒப்பந்தத்தின் ஒரு பக்கமாக மாறலாம்.

ஆகவே கேட்க வேண்டியவை நான்கு என்று எனக்குப் படுகிறது. முதலாவது, திறன் அட்டவணையில் தன் வரிசையின் நகல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் பயிற்சியாளர் என்ற பெயரில் நிற்பவர்களுக்கும் சேர்த்து. வேலையை விட்டுப் போகும்போது தேதியோடு, கையெழுத்தோடு. இரண்டாவது, அரசு நடத்தும் தேர்வு வேலைத்துண்டை வைத்து, பட்டறைத் தமிழில், அந்தத் தொழிலைச் செய்கிறவர்களும் உட்காரும் நடுவர் குழு முன்னால், சம்பளம் பிடிக்காத நேரத்தில் நடக்க வேண்டும். மூன்றாவது, தேறியவர் செய்யும் வேலைக்கு ‘திறனற்ற’ என்ற பெயரை ஒட்ட முடியாதபடி கூலி வகைப்பாட்டோடு அது பிணைக்கப்பட வேண்டும். நான்காவது, அந்தத் தாள் மேலே படிக்கவும் வேறு தொழிலுக்குப் போகவும் வழி திறக்க வேண்டும். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் வெறும் காகிதம். நான்காவது இல்லாவிட்டால் மூன்றுமே பூட்டு.

இந்த நடுவர் குழுவில் தொழிலாளி தரப்பில் யார் உட்காருவது என்று உடனே கேள்வி வரும். சங்கம்தான் உட்கார முடியும். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் முப்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்ததில் மையமாக இருந்தது சங்கத்தை ஏற்றுக்கொள்வது என்ற கோரிக்கை. அந்தச் சங்கத்துக்குப் பதிவு கிடைக்க 2025 ஜனவரி ஆயிற்று. அங்கும் புழங்கிய சொல் அங்கீகாரம், இங்கும் அதே சொல். இரண்டையும் தனித்தனியே கேட்டுக்கொண்டிருக்கிறோம். தொழிலாளியின் கையை மதிப்பிடும் மேசையில் தொழிலாளிக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்பதில் இரண்டும் சேர்கின்றன. அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சுக்குப் போகிற நண்பர்கள் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்துப் பார்க்கலாம்: அந்தப் பலகையின் நகல் ஒன்று எங்களுக்கும் வேண்டும்.